ஓய்வு பெற்றவர்களின் நகரம்

பணி ஓய்வு பெற்ற புதிதில் நான் பட்ட பாட்டை வீட்டில்கூடச் சொன்னதில்லை. போன் வராத நாளில் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். “சார், ஒரு கையெழுத்து” என்று யாராவது வந்து நிற்க மாட்டார்களா என்று இருக்கும். இனி நம்மால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு உள்ளுக்குள் அரித்தது. மாட்ரிட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு வசந்த கால நாளை மெரிதா என்ற நகரில் சும்மா சுற்றிக் கழித்தேன். அதற்குப் பிறகுதான் மனது கொஞ்சம் அடங்கியது.

மெரிதா, ஸ்பெயினின் தென்மேற்கில் இருக்கிறது. கி.மு. 25-ல் அதை நிறுவியவர் ரோமப் பேரரசர் அகஸ்டஸ். யாருக்காக என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படையில் காலம் முடிந்து விடுவிக்கப்பட்ட ரோமானிய வீரர்களுக்காக! அவர்களைக் குடியமர்த்திய அந்த ஊர்தான் பிறகு லுசிடானியா என்ற ரோமானிய மாகாணத்துக்கே தலைநகரானது.

காலையில் குவாதியானா ஆற்றுப் பாலத்தில் நடந்தேன். கருங்கல் பாலம்; நீளம் ஏறக்குறைய 800 மீட்டர். தூண்களின் நடுவிலும் சின்னச் சின்ன வளைவுத் திறப்புகள் விட்டிருக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் தண்ணீர் தூணோடு மல்லுக்கட்டாமல் அவற்றின் வழியே போய்விடும். இடையில் பலமுறை பழுது பார்த்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே புதுப் பாலம் வரும்வரை இதன் மேல்தான் வண்டிகள் ஓடின. இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி எதிரே வந்தார். அவர் அவசரப்படவில்லை, நானும் அவசரப்படவில்லை.

அங்கிருந்து நாடக அரங்கம். கி.மு. 16-15 வாக்கில் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பாவின் ஆதரவில் கட்டியது. சுமார் 6,000 பேர் உட்காரலாம். கைவிடப்பட்டபின் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. இருக்கை வரிசையின் உச்சி மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்க, ஊர்க்காரர்கள் அதை ‘ஏழு நாற்காலிகள்’ என்று அழைத்தார்கள். 1910-ல் அகழாய்வு தொடங்கியது. 1933-ல் அதே மேடையில் ‘மெதேயா’ நாடகம் போட்டார்கள். இன்றும் கோடையில் அங்கே செவ்வியல் நாடக விழா நடக்கிறது.

சாயங்காலம் ‘அற்புதங்கள்’ என்று பெயர் பெற்ற நீர்க்கால்வாயின் அடியில் போய் உட்கார்ந்தேன். சில அடுக்கு கருங்கல், சில அடுக்கு செங்கல் என்று மாற்றி மாற்றிக் கட்டிய உயரமான தூண்கள். தண்ணீர் வருவது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. தூண்களின் உச்சியில் செங்கால் நாரைகள் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டியிருந்தன. ஒன்று வந்து இறங்கியதும் மற்றது தலையைப் பின்னுக்குச் சாய்த்து அலகைப் படபடவென்று தட்டியது. யாரும் எழுப்பி விடாததால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தூண்களைப் பார்த்தபின், பழைய வேலை போனதும் பயனும் போய்விடுகிறது என்று இனி என்னிடம் யார் சொன்னாலும் நம்பமாட்டேன். இப்போது மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சம்பளமும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஓய்வு பெறப்போகிறவர்களே, பணப்பலன்களைக் கணக்குப் பார்க்கும்போதே அடுத்து யாருக்கு எதற்கு உதவலாம் என்பதையும் யோசித்து வையுங்கள்.