தேன் வந்த வழி

கண்டி மாநகரில் எசலப் பெரஹரா நெருங்கும்போது தம்பானை வேடர் தலதா மாளிகைக்குத் தேன் கொணர்ந்து காணிக்கை செலுத்துவர். தோளிற் கோடரி தொங்க அவர் வீதியில் வருங்கால் வேடிக்கை பார்ப்போர் பலர். அத்தேன் எக்காட்டினின்று வந்தது, அக்காட்டினுள் நுழைய அவருக்கு உரிமையுண்டா என வினவுவோர் மிகச் சிலரே.

கண்டிக்கும் வேடருக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த றொபேட் நொக்ஸ் வியப்பான வழக்கமொன்றைக் குறித்துள்ளார். வேடர் இரவிலே கொல்லன் பட்டடையில் இறைச்சியையும், வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வண்ணமே அம்பு செய்துவைப்பின் மேலும் இறைச்சி கிடைக்கும். ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை.

1983 இல், துரித மகாவலித் திட்டம் நடைபெற்ற காலத்தே, மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. தேனெடுக்கச் சென்றவன் குற்றவாளியானான். பல குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. முதுதலைவர் ஊருவரிகே திசாஹாமியோ தம்பானையை விட்டகல மறுத்தார். யானைக்கும் மரத்துக்கும் காவல் வேண்டும் என்பதை மறுப்பார் யார்? ஆயினும், அதுகாறும் காட்டோடு வாழ்ந்தவரையே அதன் பகைவராகக் கருதியமை அறிவுடைமையாகாது. அமெரிக்காவின் யெலோஸ்ரோனிலும், 1872 இல் பூங்கா அமைந்தபின், பழங்குடியினர் வெளியேற்றப்பட்டனர்.

மகன் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகளின் பழங்குடியினர் செயற்குழுவின்முன் தம் மக்கள் நிலையை உரைத்தார். 1998 இல் தந்தை மறையவே தலைமை அவர்பால் வந்தது. 2020களின் தொடக்கத்தில், பொல்லேபெத்தைப் பகுதியிலே சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்பட்டபோது, சூழலியலாளருடன் இணைந்து மேன்முறையீட்டு நீதிமன்றை நாடினார். எச்சட்டத்தால் அவர் மக்கள் காட்டினின்று விலக்கப்பட்டனரோ, அச்சட்டத்தின் வாயிலிலேயே காட்டுக்காக நின்றார்.

பேராதனையில் தாவரவியலோ சமூகவியலோ கற்று இத்துறையைத் தம் வாழ்க்கைத் தொழிலாக நாடுவோர்க்கு இங்கே பணியுண்டு. மனு வரைதல், எல்லைப்படம் தீட்டுதல், மரங்களைக் கணக்கெடுத்தல் ஆகியன அவர்தம் வேலை. எப்பருவத்தில் எவ்விடம் தேனெடுக்கலாம், எதனைத் தீண்டலாகாது என முடிவு செய்வது முதியோரின் உரிமை. கட்டளையிட்டுப் பழகிய அதிகாரிக்கு இது எளிதன்று. செலிக்மான் தம்பதியர் வேடர்பற்றி 1911 இல் வெளியிட்ட நூலை நூலகத்திலே படிக்கலாம். காட்டை முதியோரின் பின்னே நடந்துதான் அறிதல் வேண்டும்.

தம்பானை செல்வோர்க்கு மொழி முதற்றடை. ஆயின் கிழக்கே வாகரைப் பக்கத்திலும் வேடர் உளர். நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடும் அம்மக்கள் பேசுவது தமிழே; அவரிடம் செல்லும் தமிழ் மாணவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.