கெடாரில் பஞ்சர்... பனமலையில் வெல்லம்!

விழுப்புரத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால், காணையைத் தாண்டி வருகிற ஊர் கெடார். பௌர்ணமி இரவுகளில் கிரிவலக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வண்டிகள் இந்த வழியாக ஓடும். அதில் இருப்பவர்களில் பாதிப் பேர் கெடாரைத் தூக்கத்திலேயே கடந்திருப்பார்கள். டீ குடிக்க இறங்கியவர்கள் கொஞ்சம் பேர். வண்டி பஞ்சராகி இறங்கியவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தக் கடைசி வகையில் சேர்ந்தார்கள் நான்கு நண்பர்கள். விழுப்புரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் 1996-ல் பிளஸ் டூ முடித்தவர்கள். ஒருவர் உள்ளூரிலேயே கணக்கு வாத்தியார். ஒருவர் சென்னையில் வங்கி வேலை. மூன்றாமவர் புதுச்சேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான்காமவர் எலெக்ட்ரீஷியன். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு பைக், அரை நாள் தூரத்தில் ஓர் ஊர். இதுதான் கணக்கு. வாத்தியார் போட்ட கணக்கு என்பதால் மீறவும் முடியாது.

அன்றைய திட்டம்: காலை ஆறரைக்குப் புறப்பட்டு, முதலில் பனமலை, பிறகு மண்டகப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. டிபன் வழியில். ஆனால் கெடாரை நெருங்கும்போதே எலெக்ட்ரீஷியனின் பைக் பின்பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டது.

பஞ்சர் கடைத் தம்பி ஞாயிற்றுக்கிழமை என்பதால் நிதானமாக வந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். "வால்வு கிட்டயே கிழிஞ்சிருக்குண்ணா. ஒட்டுனா நிக்காது. புது டியூப்தான் போடணும். இந்த சைஸ் எங்கிட்ட இல்ல, விழுப்புரம்தான் போயி வாங்கியாரணும்."

ஆக, இன்னொரு பைக் விழுப்புரத்துக்குத் திரும்பியது. மற்ற மூவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பெஞ்சில் விரிந்த பழைய கதைகள்

காத்திருக்கும் நேரத்தில் நண்பர்கள் என்ன பேசுவார்கள்? ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பிய பயணத்தை யாரும் பேசுவதில்லை. சொதப்பியவைதான் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் வந்தது ரயில் கதை. விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஒருமுறை புதுச்சேரி ரயில் என்று நினைத்து மயிலாடுதுறை ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சு சுவாரசியத்தில் யாரும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பண்ருட்டி என்ற பலகை வந்த பிறகுதான் உறைத்தது. கடற்கரைக்குக் கிளம்பியவர்கள், ஆளுக்கொரு பலாப்பழத்தோடு வீடு திரும்பினார்கள்.

அடுத்தது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை. மொகலாயப் படை எட்டு வருடம் போராடித்தான் 1698-ல் அதைப் பிடித்தது. 2025-ல் மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட கோட்டையில் இவர்கள் கொண்டுபோன புளிசாதத்தைக் குரங்குகள் எட்டு நிமிடத்தில் பிடித்துவிட்டன. வெறும் வயிற்றோடு ராஜகிரி உச்சிவரை ஏறி இறங்கியதை, எலெக்ட்ரீஷியன் இன்றைக்கும் ஒரு சாதனையாகவே சொல்வார்.

மூன்றாவது திருவக்கரை. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பூங்கா அது. சோனரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் 1781-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒன்று வாங்காமல் வராதவர் ஹார்டுவேர் கடைக்காரர். அங்கே வாங்க எதுவும் இல்லை என்றதும், ஒரு சின்னக் கல்மரத் துண்டை எடுத்துப் பையில் போடப் போனார். "சார், அதைக் கீழ வைங்க" என்று காவலாளி கூப்பிட்ட தொனியில் கல்லோடு மானமும் கீழே இறங்கியது. அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பது அன்றுதான் அவருக்குத் தெரியும்.

கதைகள் ஓட, மசால் வடையும் ஓடியது. வங்கிக்காரர் மட்டும் வடையைத் தொடவில்லை. "எண்ணெய் வேணாம்டா." டீயும் சர்க்கரை இல்லாமல்.

"என்னாடா, டயட்டா?"

"சும்மாதான்."

அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இதற்குள் ஹார்டுவேர் கடைக்காரர் பக்கத்து மளிகைக் கடையில் அரை கிலோ அச்சு வெல்லம் வாங்கி வந்தார். கரும்பு வெட்டும் காலம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "பாண்டியில கெடைக்காத வெல்லமாடா?" என்று வாத்தியார் கிண்டல் செய்தார். டியூப் வந்து, மாட்டி, காற்றடித்துக் கிளம்பும்போது மணி பத்து. தாமதத்தை ஈடுகட்ட வாத்தியார் ஒரு முடிவு எடுத்தார். "டிபனை விட்ருவோம். அதான் வடை சாப்பிட்டாச்சே. நேரா மலைக்குப் போயிருவோம்."

நூறு வருடத்தை ஒரு பைக்கில்

கெடார் வட்டாரத்துக்கு வருகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. விழுப்புரம் - செஞ்சி சாலையை ஒட்டியிருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அங்கே ஒரு கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டிலேயே பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான்.

அதற்குச் சுமார் நூறு வருடம் கழித்து வந்தவன் ராஜசிம்மன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் எழுப்பிய அதே மன்னன். அவன் பாறையைக் குடையவில்லை. கல்லை வெட்டி, அடுக்கி, பனமலைக் குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயிலைக் கட்டினான். பனைமலை என்றும் சொல்வார்கள். குடைவதிலிருந்து கட்டுவதற்கு வந்த அந்த நூறு வருடத்தை, இந்த வட்டாரத்தில் ஒரே காலைப்பொழுதில் பைக்கில் கடந்துவிடலாம்.

குன்று பெரிதில்லை. தை மாதம் என்பதால் கீழே ஏரியில் தண்ணீர் தளும்பியது. படிகளில் ஏறும்போது முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது.

படியில் வந்த சண்டை

பாதிப் படியில்தான் அது நடந்தது. "சீக்கிரம் வாடா, மண்டகப்பட்டு வேற இருக்கு" என்று வாத்தியார் மேலிருந்து கூப்பிட்டார். எப்போதும் சொல்வதுதான். ஆனால் வங்கிக்காரர் திடீரென்று வெடித்தார்.

"நீ எப்பவும் இப்படித்தான். எல்லாரும் உன் கிளாஸ் பசங்கன்னு நெனப்பு. உன்ன நம்பி வந்தது என் தப்பு!"

முப்பது வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. வாத்தியாருக்கு முகம் சுண்டிப்போனது. பதில் சொல்லாமல் திரும்பி விறுவிறுவென்று ஏறினார். எலெக்ட்ரீஷியன் சமாதானம் செய்ய அவர் பின்னால் ஓடினார்.

கீழே நின்றுவிட்ட ஹார்டுவேர் கடைக்காரர்தான் பார்த்தார். தை மாதக் காற்றில் மற்ற யாருக்கும் வியர்க்கவில்லை. வங்கிக்காரரின் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போன விரல்கள் நடுங்கின. "என்னடா பண்ணுது?" என்றதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார்.

கடைக்காரரின் அப்பா இருபது வருடம் சர்க்கரை வியாதியோடு வாழ்ந்தவர். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், குழறும் பேச்சு எல்லாம் அந்த வீட்டில் பார்த்துப் பழகியவை. "டேய், உனக்கு சுகர் இருக்கா? மாத்திரை போட்டியா?"

தலை மெதுவாக ஆடியது.

பையிலிருந்த வெல்லம் வெளியே வந்தது. ஓர் அச்சை உடைத்து வாயில் வைத்தார். இன்னொன்றைப் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அவர் போட்ட சத்தத்தில் மேலே போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். எலெக்ட்ரீஷியன் 108-ஐ அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் கழிவதற்குள் வங்கிக்காரரின் கண்ணில் தெளிவு வந்தது. நிமிர்ந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "நான் ஏதாவது தப்பாப் பேசினனா?"

வாத்தியார் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன்டா சொல்லல?"

"போன வருஷம்தான் கண்டுபுடிச்சாங்க. வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னா, பாவம் இவனுக்கு முடியலன்னு நீங்க என்னை விட்டுட்டுப் போயிருவீங்களோன்னு..."

யாரும் பேசவில்லை. வாத்தியார் வீட்டில் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தார். மதியத்துக்கு வைத்திருந்தது, பதினொன்றரைக்கே தீர்ந்தது. நல்லவேளை, பனமலையில் குரங்கு வரவில்லை.

நடந்தது என்ன?

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்கிறது, 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. நான்கு நண்பர்கள் கிளம்பினால் அதில் ஒருவருக்கு இருப்பது அதிசயமில்லை. சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இறங்குவதுதான் பயணத்தில் சட்டென்று ஆளைச் சாய்க்கும்.

இன்சுலினும் சில வகை மாத்திரைகளும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தங்கள் வேலையைச் செய்யும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலை டிபனைத் தவறவிட்டு மலையும் ஏறினால், ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடக்கூடும். அந்த நேரத்தில் மூளைக்குப் போதிய சர்க்கரை கிடைக்காததால்தான் கோபமும் குழப்பமும் வருகின்றன. பார்ப்பவர்கள் அதைத் திமிர் என்று நினைத்து விலகிப் போவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

ஆள் விழித்திருந்து விழுங்க முடிந்தால், 15 கிராம் அளவு சர்க்கரை, குளுக்கோஸ், வெல்லம் அல்லது பழச்சாறு கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு சாப்பாடு அவசியம். கொழுப்பு உள்ள சாக்லெட், கடலை மிட்டாய் எல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

குடையின் கீழ் பார்வதி

வங்கிக்காரர் "நான் கீழ இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்றார். மூவரும் சேர்ந்து மறுத்தார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, நால்வரும் ஒன்றாக ஏறினார்கள்.

விமானத்தை ஒட்டிய சிறிய சன்னிதி ஒன்றில், ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் தீட்டிய பார்வதி நிற்கிறாள். தலையில் கிரீடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்தபடி, சிவன் ஆடுவதைப் பார்க்கும் கோலம். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ஜூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர்தான் இதை வெளியுலகுக்குத் தெரியவைத்தார். பார்வதி பார்த்துக்கொண்டிருக்கும் சிவன் இப்போது சில கோடுகளாகத்தான் எஞ்சியிருக்கிறார். பார்வதியும் முழுசாக இல்லை. இருக்கிற வரையில் பார்த்துவிட வேண்டிய ஓவியம். சுவரைத் தொடாமல், ஃபிளாஷ் போடாமல் பார்த்தால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.

மண்டகப்பட்டு அன்று தள்ளிப்போனது. வாத்தியாரே தள்ளி வைத்தார். திரும்பும் வழியில் கெடாரில் மறுபடி ஒரு டீ. பஞ்சர் கடைத் தம்பி, "டயர் நிக்குதாண்ணா?" என்றார். "டயர் நிக்குது தம்பி" என்றார் எலெக்ட்ரீஷியன்.

மறுநாளே வங்கிக்காரர் டாக்டரைப் பார்த்தார். பயண நாட்களில் மாத்திரை எப்படி, சாப்பாடு எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறுப் பயணத்துக்கு வாட்ஸ்அப்பில் முதல் தகவல் அவரிடமிருந்தே வந்தது:

"மண்டகப்பட்டு. காலை 7 மணிக்கு டிபன், அப்புறம்தான் வண்டி. வாத்தியாரே, நேரம் உன் பொறுப்பு. வெல்லம் பாண்டிக்காரன் பொறுப்பு. சுகரை நான் பாத்துக்கறேன்; நான் கத்துனா என்னைப் பாத்துக்கங்க."

பதிலுக்கு எலெக்ட்ரீஷியன் ஒரு புகைப்படம் அனுப்பினார். புத்தம் புதிய ஸ்பேர் டியூப்.