'காஸ்' என்றார் பெரியவர்

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று யாராவது கேட்டால், மூன்று வருஷங்களாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்: "லைசென்ஸ் இருக்கிறது." கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன பதில் வேறு என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கவனித்துவிட்டவள் ஒருத்திதான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் கல்லூரி ஸ்நேகிதி.

விஷயம் இதுதான். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாளில், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அம்மாவும் நானும் காரில் திரும்பிக் கொண்டிருந்தோம். ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. பயந்து போய், உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதித்தேன். வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. சறுக்கிக் கொண்டே போய் ஒரு புளிய மரத்தில் முட்டி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் அம்மா வாசலில் கோலம் போட்டால் இழை சற்று நெளியும். அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலையே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ரிப்பேராகி வந்த காரை யாரோ ஷெட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதை நான் மறுபடி தொடவில்லை.

சென்ற அக்டோபரில் பத்திரிகை வேலையாக ஸ்டுட்கார்ட் போகும்படி ஆயிற்று. அங்கே ஸூஃபன்ஹௌஸன் என்ற பகுதியில் போர்ஷே கம்பெனியின் மியூசியம் இருக்கிறது. பழைய பந்தயக் கார்களையெல்லாம் துடைத்துப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு எடுத்துக் கொண்டு, ஸ்நேகிதியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"காரைப் பற்றி எழுதப் போகிறாயாம், காரைத் தொட மாட்டாயாம்!" என்று பிடித்துக்கொண்டாள் அவள். "அடுப்பையே பற்ற வைக்காமல் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களை நீ எப்படிக் கேலி செய்வாய்? ஞாபகம் இருக்கிறதாடி?"

ஞாபகம் இருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன்.

அவளுடைய மாமனாருக்கு எண்பது வயது. மோட்டார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1967-ஆம் வருஷத்து போர்ஷே 911 ஒன்று இருக்கிறது. தந்த நிறம். நம்பர் பலகையில் கடைசி எழுத்து 'ஹெச்'. முப்பது வயது தாண்டி, பழைமை மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு அந்த நாட்டில் அப்படி ஒரு கௌரவ எழுத்துக் கொடுக்கிறார்கள். மருமகளின் ஏற்பாட்டின்படி, ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வண்டியை நான் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. என்னைத் தவிர எல்லாரும் சேர்ந்து செய்த முடிவு.

ஒளிவு மறைவு கூடாதென்று, என் விபத்துக் கதை முழுவதையும் பெரியவரிடம் சொல்லச் சொன்னேன். ஸ்நேகிதி ஜெர்மன் பாஷையில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். எவ்வளவு சேதம், யார் மேல் தப்பு என்றெல்லாம் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போது உங்கள் கால் எங்கே இருந்தது?"

"பிரேக்கில்."

"ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று எடுத்தீர்களா?"

"ஆமாம்."

பெரியவர் தலையை ஆட்டினார். "இந்த வண்டிக்கு அது பிடிக்காது" என்றார்.

ஏன் பிடிக்காது என்பதை அவர் விளக்கியதிலிருந்துதான் எனக்கு அந்த வண்டி புரிய ஆரம்பித்தது. முன்பக்கத்து மூடியைத் தூக்கினார். எஞ்சினைக் காணோம்! பெட்டி வைக்கிற இடமும் பெட்ரோல் டாங்கும்தான் இருந்தன. எஞ்சின் பின்னால், அதுவும் பின் சக்கரங்களுக்கும் பின்னால், வால் மாதிரி தொங்கிக் கொண்டிருக்கிறது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஸிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கின்றன. இரண்டு லிட்டர் எஞ்சின், 130 குதிரைச் சக்தி.

இன்னொரு விசித்திரம், அதற்கு ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. சுடச் சுடப் பொங்கலை வாழையிலையில் போட்டால் எப்படி ஆற்றுகிறோம்? பரப்பி வைத்து விசிறுகிறோம் அல்லவா? அதே யுக்திதான். ஸிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடு தகடாக விளிம்புகள் வைத்து, சூட்டைப் பரப்பிவிடுகிறார்கள். பெரிய விசிறி ஒன்று, எஞ்சின் ஓடும்போதெல்லாம் பெல்ட்டின் உதவியால் சுழன்று அவற்றின் மேல் காற்றை வீசுகிறது. போதாததற்கு, ஒன்பது லிட்டர் எண்ணெய் தனி டாங்கில் இருந்து சுற்றிச் சுற்றி வந்து மிச்சச் சூட்டை வாங்கிக் கொண்டு போகிறது. எண்ணெயின் அளவைப் பார்ப்பதும் எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். மற்றக் கார்களில் எஞ்சினை நிறுத்திவிட்டல்லவா பார்க்கிறோம்!

1948-இல் ஆஸ்திரியாவில் க்மூண்ட் என்ற சிற்றூரில், வோல்க்ஸ்வாகன் காரின் பாகங்களைக் கொண்டு பிறந்தது முதல் போர்ஷே. அதன் வாரிசாக இந்த மாடலை 1963-இல் ஃபிராங்பர்ட் கண்காட்சியில் வைத்தபோது இட்ட பெயர் 901. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்று இலக்கப் பெயர் பிரான்ஸில் தங்களுக்கே உரியது என்று பெஜோ கம்பெனி சொன்னதால் 911 ஆயிற்று. காற்றில் குளிரும் எஞ்சினை 1998 வரை விடாமல் வைத்திருந்தார்கள். பிறகு சத்தத்துக்கும் புகைக்கும் சட்டங்கள் கடுமையாகவே, தண்ணீருக்கு மாறிவிட்டார்கள்.

"இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வேகமாகத் திரும்பி, சட்டென்று நின்று பார்" என்றாள் ஸ்நேகிதி. பெரியவர் சொன்னதை அவள் தமிழாக்கிய விதம் அது. "குடம் உன்னைச் சுற்றி இழுக்குமா, இல்லையா? இந்த வண்டிக்குக் குடம் பின்னால் இருக்கிறது. வளைவில் பாதியில் பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாயும். பின் சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். வால் தலையை முந்திக் கொள்ளப் பார்க்கும்."

கம்பெனிக்கும் இது தெரியாமல் இல்லை. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் முன் பம்பருக்குள் மூலைக்குப் 11 கிலோவாக இரும்புக் கட்டி வைத்திருக்கிறார்கள். 1968-க்குப் பிறகு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். பெரியவருடைய வண்டி அதற்கு முந்தியது.

இவ்வளவையும் கேட்ட பிறகு ஓட்ட ஆசை வருமா, சொல்லுங்கள்! ஆனால் பெரியவர் ஏற்கனவே இடது பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக் கொண்டு நின்றார்.

உட்கார்ந்தேன். சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் இருந்தது. பெடல்கள் தரையிலிருந்து முளைத்திருந்தன. எதிரே வரிசையாக ஐந்து வட்ட மீட்டர்கள். நடுவில் இருந்த பெரியது வேகத்தைக் காட்டவில்லை, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டியது. நம் ஊரில் இடது கையால் போடுகிற கியரை இங்கே வலது கையால் போட வேண்டும். அதிலும் முதல் கியர், வழக்கமான இடத்தில் இல்லாமல் இடது பக்கம் கீழே இருந்தது. பின் ஸீட் என்று பெயருக்கு ஒன்று உண்டு. இரண்டு தலையணை வைக்கலாம். மொழிபெயர்ப்பாளரான என் ஸ்நேகிதி முழங்காலை மோவாயில் முட்டுக் கொடுத்துக் கொண்டு அதில் ஒடுங்கினாள்.

சாவியைத் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் கிளம்பியது. தையல் மிஷினும் மாவு மில்லும் ஒத்துப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி! இதமான எண்ணெய் வாசனையும் லேசான பெட்ரோல் வாசனையும் வந்தன. கொஞ்ச நேரத்தில் காலடியில் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. புகைக் குழாயின் சூட்டில் காய்ந்த காற்றைத்தான் உள்ளே அனுப்பிக் குளிர் போக்குகிறார்களாம். சிக்கனமான குடும்பம்தான்!

ஆளில்லாத ஒரு மைதானத்தில் அரை மணி நேரம் சுற்றினேன். நாலு தடவை எஞ்சின் நின்றது. பெரியவர் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை வண்டி வழுக்கிக் கொண்டு கிளம்பியதும், சாலையைக் காட்டிக் கையை நீட்டினார்.

ஊருக்கு மேற்கே காட்டு வழியில் போனோம். ஸோலிட்யூட் பந்தயம் என்று 1965 வரை அந்தப் பக்கத்துச் சாலைகளிலேதான் கார்ப் பந்தயம் நடந்ததாம். ஒரு சுற்று 11 கிலோமீட்டருக்கு மேல். இப்போது சாதாரண ஜனங்கள் சாதாரண வேகத்தில் போகிற பாதை. நானோ அதற்கும் குறைந்த வேகத்தில் போனேன். ஸ்டியரிங் கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூக்கில் பாரம் இல்லாததால் அது லேசாக இருந்தது. சாலையின் ஒவ்வொரு சிறு கல்லையும் உள்ளங்கையில் எழுதிக் காட்டியது. இத்தனை தெளிவாக எந்தக் காரும் என்னிடம் பேசியதில்லை.

இரவு மழை பெய்திருந்தது. சாலையில் பழுத்த இலைகள் ஒட்டிக் கிடந்தன. ஒரு வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்துக் கொண்டுதான் நுழைந்தேன். ஆனால் வளைவு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், இன்னும் இன்னும் என்று உள்ளே வளைந்து கொண்டு போயிற்று. வெளிப்பக்கத்தில் வரிசையாக ஈர மரங்கள் நின்றன. அந்தக் கணத்தில் எனக்கு ஸ்டுட்கார்ட் மறந்து போயிற்று. செங்கல்பட்டுச் சாலைதான் தெரிந்தது. என் வலது கால் தானாக எழும்ப ஆரம்பித்தது.

"காஸ்" என்றார் பெரியவர்.

அந்த நெருக்கடியில் என் மனம் எங்கே போயிற்று தெரியுமா? ஊரில் சமையலறைக்கு! காஸ் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனா என்று ஒரு நினைப்பு. அந்த நாட்டில் ஆக்ஸிலரேட்டருக்குத்தான் அந்தப் பெயர் என்பதைப் பின் ஸீட்டு மொழிபெயர்ப்பு எட்டுவதற்குள், பெரியவர் இன்னொரு தடவை, குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற குரலில், "காஸ்" என்றார்.

காலை எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருக்கவிட்டேன். வண்டியின் பின்பக்கம், பசுமாடு சாவதானமாகப் படுக்கிற மாதிரி, தரையில் அமர்ந்து கொண்டது. ஸ்டியரிங்கை இன்னும் ஒரு விரற்கடை திருப்பினேன். வளைவு முடிந்தது. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்காக ஒருத்தி அழலாம் என்று அன்றுதான் தெரிந்து கொண்டேன்.

ஸோலிட்யூட் மாளிகை வாசலில் வண்டியை நிறுத்தினோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரபு கட்டிய மாளிகை அது. பெரியவர் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஸ்நேகிதி வாயைப் பிளந்தாள்.

"உன்னை 'நீ' என்று கூப்பிடலாமா என்று கேட்கிறாரடி! இங்கே பெரியவர்கள் தாங்களாகக் கேட்டால்தான் உண்டு. எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்க ஒரு வருஷம் ஆயிற்று."

இதைப் படித்துவிட்டு யாரும் வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிடாதீர்கள். பெரியவர் சொன்ன பாடம் அதுவல்ல. வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே, நேர் பாதையிலேயே செய்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு கலவரப்பட்டுக் காலை உதறக் கூடாது. செங்கல்பட்டில் நான் முதலாவதைச் செய்யவில்லை, இரண்டாவதைச் செய்தேன். என் தப்பு என் தப்புத்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அதைத் திருத்திக் கொள்ளவும் முடியும் என்று தெரிந்தபோது, மூன்று வருஷத்துப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அது வரையில் என் ராசிதான் காரணம் என்றல்லவா எண்ணியிருந்தேன்!

திரும்பி வந்து வண்டியை உள்ளே விட்டதும் பெரியவர் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவையாவது அதை வெளியே எடுப்பாராம். "சும்மா நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெட்டுப் போகும்" என்றார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு டெலிபோன் செய்தேன். ஊரில் இரவு ஒன்பதரை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அம்மாவிடம் கொட்டினேன். அம்மா 'உம்' கொட்டிக் கொண்டே கேட்டாள்.

"நம் கார் இத்தனை நாள் நின்றதில் பாழாய்ப் போயிருக்கும், அம்மா" என்றேன்.

"ஒன்றும் பாழாகவில்லை. எதிர்வீட்டுப் பையனை விட்டு வெள்ளிக்கிழமைதோறும் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிக் கொண்டு வரச் சொல்கிறேன்."

"வெள்ளிக்கிழமைதோறுமா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"நீ ஆபீஸுக்குப் போன பிறகுதான். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாவி பூஜை அலமாரியில் இருக்கிறது. வந்ததும் ஒரு நாள் காஞ்சிபுரம் போய்விட்டு வரலாம்."

எனக்குத் தொண்டை அடைத்தது. "பின் ஸீட்டில் சௌகரியமாகச் சாய்ந்து கொண்டு வா, அம்மா" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. முன் ஸீட்டில்தான் உட்காருவேன்" என்றாள் அம்மா.