ஈரத் தானியமும் ஒரு ரசீதும்

தாம்பரத்தில் என் பழைய மாணவரின் மகள் அமீபா வயிற்றுக்கடுப்பால் வாடினாள். மூன்று வாரத்துக்கு முன் உண்ட உணவகச் சோற்றின் மீது ஐயம். இக்கிருமி நோயாக வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரமாகும். அதற்குள் ரசீது எங்கே தங்கும்?

"ஸபுர் செய்துவிடுகிறோம், ஹஜ்ரத்" என்றார் தந்தை. நான் உடன்படவில்லை. தானியக் குவியலுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், வணிகரைக் கேளாமல் கடந்து செல்லவில்லையே! ஃபிக்ஹு நூல்களில் நாம் ஓதும் 'ளமான்' எனும் ஈட்டுப் பொறுப்பை, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 65ஆம் பிரிவில், தன் வழியில் பேசுகிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, பிற தீங்குக்கு 1 லட்சம் வரை. நுகர்வோர் ஆணையத்தை வழக்கறிஞரின்றியும் நாடலாம். கெடு 2 ஆண்டுகள்.

மலப் பரிசோதனை அறிக்கை கையிலிருக்கிறது. உடனுண்டோரில் வேறெவரேனும் நோயுற்றனரா என்று விசாரிக்க அவர் புறப்பட்டிருக்கிறார்.