இரண்டு சுற்று முன்னால்

ராத்திரி ஹொஸ்டலில் நித்திரை முழிச்சு நாங்கள் தேடி வாசிச்ச ஆள், வெண்டல் ஸ்கொட். அமெரிக்காவின் வேர்ஜினியாவில் டான்வில் ஊர்க்காரர், கறுப்பினத்தவர். டாக்சி ஓட்டினார், கள்ளச்சாராயம் கடத்தினார், 1952 இல் மண் தடத்தில் கார்ப் பந்தயத்துக்கு வந்தார். மெக்கானிக்கும் அவரேதான். பிறகு கைக்குதவியாகப் பிள்ளைகள்.

1963 டிசம்பர் 1, புளோரிடாவின் ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. அவர்தான் முதலாவது. ஆனால் அவருக்குக் கொடி விழவில்லை. கிண்ணம் வேறொருவருக்குப் போனது. சனம் கலைஞ்ச பிறகுதான் எண்ணிக்கை பிழை என்று ஒத்துக்கொண்டார்கள். அவர் இரண்டு சுற்று முன்னால் நின்றிருக்கிறார்.

1990 இல் அவர் இறந்தார். நாஸ்கார் அமைப்பு குடும்பத்தின் கையில் கிண்ணம் கொடுத்தது 2021 இல்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில், 1500 மீற்றரில் எங்கட சிநேகிதிக்கும் சுற்றைப் பிழையாக எண்ணி இரண்டாமிடம் குடுத்தவை. கோட்டுக்கு வெளியில நின்று நாங்களும் எண்ணினனாங்கள், எங்களுக்குச் சரியான கணக்குத் தெரியும். ஆனால், "சின்ன விசயம், விடு" என்று அவளின்ர வாயை அடைச்சதும் நாங்கள்தான்.

விடியப்புறம் அவளுக்கு மெசேஜ் போட்டம்: "அண்டைக்கு நீதான் முதலாவது."

புளூ டிக் விழுந்திட்டுது. பதில் இன்னும் வரேல்ல.