அம்மாவின் இடது கை

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது மதப்பிரச்சாரம் இல்ல. பரலோகம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு சண்டை போடற எண்ணமும் இல்ல. எங்க வீட்ல அந்த வார்த்தை எப்ப ஆறுதலா இருந்துச்சு, எப்ப எரிச்சலா இருந்துச்சுன்னு மட்டும் எழுதறேன்.

2019ல அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் கைவிட்டுடுச்சு. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். அதுக்காக இடது கையில ஆபரேஷன் பண்ணி ரெண்டு ரத்தக்குழாயை ஒண்ணா சேத்துடுவாங்க. ஃபிஸ்டுலான்னு பேரு. ரத்தம் வேகமா பாயறதால அந்த இடம் கயிறு மாதிரி புடைச்சுக்கும். விரல் வச்சா, வைப்ரேஷன்ல போட்ட செல்ஃபோன் மாதிரி ஒரு குறுகுறுப்பு. காதை வச்சா உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம். அது இருந்தா அடைப்பு இல்லைன்னு அர்த்தம். அந்தக் கையில வளையல் கூடாது, ஊசி கூடாது, பிபி பாக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. அம்மாவோட கல்யாண வளையல் வலது கைக்கு மாறிடுச்சு.

தினமும் காலைல அப்பா எழுந்ததும் முதல் வேலை அந்தக் கையைத் தொட்டுப் பாக்கறதுதான். "ஓடுதுட்டி"ம்பார். அப்புறந்தான் காப்பி, ஜெபம் எல்லாம்.

கடைசி வாரத்துல ஒரு ராத்திரி அம்மா, "பயமா இருக்குடா"ன்னாங்க. இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில பிள்ளைங்களுக்குப் பரலோகத்தைப் பத்திச் சொல்லிக்கொடுத்தவங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவங்களேதான் 'மோட்ச பிரயாணம்' ஞாபகப்படுத்தினாங்க. எங்க ஜில்லாக்காரர் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்'னு 1894ல ஒரு காப்பியமே வெளியிட்டிருக்கார். மூலத்தை எழுதின ஜான் பன்யன் சும்மா உக்காந்து கனவு கண்ட ஆள் இல்ல. அனுமதியில்லாம பிரசங்கம் பண்ணினதுக்காக 1660ல இருந்து 12 வருஷம் பெட்ஃபோர்டு ஜெயில்ல கெடந்தவர். வீட்ல பார்வையில்லாத மகள் வேற. புத்தகம் வந்தது 1678ல.

அதுல மோட்ச நகரத்துக்கு முன்னால ஒரு ஆறு வரும், பாலம் கிடையாது. அவ்வளவு தூரம் நடந்து வந்த கதாநாயகனே அதுல முங்க ஆரம்பிச்சுடுவான், இருட்டிக்கிட்டு வரும். கூட வர்றவன்தான் அவன் தலையைத் தண்ணிக்கு மேல பிடிச்சுக்கிட்டு, எனக்குக் கால் தரையில படுதுன்னு தைரியம் சொல்லுவான். "அவனுக்கே பயம்னா எனக்கென்னடா"ன்னு அம்மா சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினாங்க.

2022 ஆகஸ்ட்ல போயிட்டாங்க.

எங்க பக்கம் போஸ்டர்ல 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'னுதான் போடுவாங்க. இங்கிலீஷ்ல செமட்ரின்னு சொல்றோமே, அதுவும் கிரேக்கத்துல தூங்கற இடம்கற வார்த்தையில இருந்து வந்ததுதான். தூங்கினவங்க எழுந்திரிப்பாங்கங்கற நம்பிக்கை. அதெல்லாம் சரி. ஆனா துக்கத்துக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் அப்பாகிட்ட, "அழக்கூடாது, அவங்க பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க"ன்னாங்க. நல்ல மனசோட சொன்னதுதான். அழுதா விசுவாசம் இல்லைன்னு ஆயிடுமோன்னு அவர் அப்படியே அடக்கிக்கிட்டார். எனக்குக் கடுப்பாயிடுச்சு. லாசருவை எழுப்பப்போற இயேசுவே கல்லறைக்குப் போற வழியில அழுதிருக்கார். பவுலும் தெசலோனிக்கேயருக்குத் துக்கமே வேண்டாம்னு எழுதல, நம்பிக்கையத்த துக்கம் வேண்டாம்னுதான் எழுதினார்.

திரும்ப வேலைக்கு வந்தப்புறம் வெளிப்படுத்தின விசேஷம் 21ம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நம்ம புத்தி எங்க போகும்? நகரத்தோட அளவு 12,000 ஸ்தாதி, அதாவது சுமார் 2,200 கிலோமீட்டர். நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணே. ஏதோ சர்வர் ஸ்பெசிஃபிகேஷன் மாதிரி :-) ஆனா ஒரு விஷயம் என்னைப் புடிச்சு நிறுத்திச்சு. அங்க மனுஷங்க மேல ஏறிப் போகல. நகரம்தான் கீழ இறங்கி வருது. மேகத்துல மெதக்கற ஆவிகள் இல்ல, மண்ணு, தெரு, ஆறு, மரம், உடம்போட எழுந்த மனுஷங்க. எனக்கு இது பெரிய ஆறுதல். மெதக்கற அம்மாவை என்னால நெனச்சே பாக்க முடியாது. அடுப்படியில நிக்கற அம்மாதான் எனக்குத் தெரியும்.

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, அப்பா டிவியை நிறுத்திட்டு திடீர்னு கேட்டார்: "ஏல, உயிர்த்தெழும்போது உங்கம்மைக்கு அந்தக் கை எப்படில இருக்கும்?"

நல்லாயிருக்கும்பா, வலி இருக்காதுன்னேன். அது அவருக்குப் போதல. வேற கையா குடுத்துட்டா அடையாளம் தெரியாதேங்கற மாதிரி பாத்தார். அப்பதான் தோமா ஞாபகம் வந்துச்சு. இயேசு உயிர்த்தெழுந்தப்ப கையில ஆணித்தழும்பு அப்படியே இருந்துச்சுல்ல? தோமாவைத் தொட்டுப் பாக்கச் சொன்னதே அந்தக் கையைத்தானப்பான்னேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசல. கண்ணு கலங்கி வழிஞ்சுச்சு, தொடைக்கல. செமட்ரியில அழாத ஆள்.

"அப்ப அந்தச் சத்தமும் கேக்கும்லா?"ன்னார்.

எனக்குத் தெரியலப்பான்னேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஐயர்கிட்ட கேக்கப் போறேன்னார் (எங்க ஊர்ல போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம், குழம்பிக்காதீங்க). கேட்டாரா, அவர் என்ன சொன்னார்னு போன்ல கேட்டா, "நீ ஊருக்கு வா, சொல்லுதேன்"ங்கறார்.