இரண்டு மீற்றர்

நாங்கள் வேலை செய்யும் லண்டன் றெஸ்ரோறண்டின் பின்வாசலுக்கு மேலே, ஆங்கில 'ஐ' எழுத்து வடிவிலான இரண்டு உருக்கு வளைகள் சுவரிலிருந்து 2 மீற்றர் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் கீழ் இருந்துதான் நாங்கள் இருவரும் கிழங்குத் தோல் சீவுவதும், ஊருக்கு ரெலிபோன் எடுப்பதும். இருவரும் பேராதனையில் பொறியியல் படித்தோம். 2008இல் பாதியில் நின்றது.

போன மாதம் முதலாளி பழைய ஏசியின் வெளிப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். வளைகளின் நுனியில், மேலே ஏற்றி வைக்கவேண்டுமாம்.

"2 மீற்றர்தானே, தாங்கும்."

ஒரு முனையில் மட்டும் பிடிபட்ட வளையை கன்ரிலீவர் என்போம். அது பாரத்தால் கீழ்நோக்கி முறிந்துதான் விழவேண்டும் என்றில்லை. பக்கவாட்டில் சரிந்து முறுகியும் போகும். அந்தக் கணக்கில் வருவது அளவுநாடா காட்டும் நீளமல்ல, பயன்படு நீளம். நாங்கள் படித்த பிரிட்டிஷ் விதிக்கோவை பிஎஸ் 5950இல் அதற்கு ஓர் அட்டவணை இருந்தது. அடி எப்பக்கமும் அசையாமல் இறுகியிருந்தால், நுனி பிடியில்லாமல் நின்றாலும் 0.8 மடங்கு: எங்கள் 2 மீற்றர் 1.6 ஆகக் குறையும். சுவருக்குள் தொடர்ந்து போகும் வளையில், சுவரடியில் மேல்விளிம்பு மட்டும் பிடிபட்டிருந்தால் 3 மடங்கு: 6 மீற்றர். அதன்மேல், வளையோடு சேர்ந்து அசையும் பாரத்தை உச்சியில் வைத்தால் 7.5 மடங்கு: 15 மீற்றர். தலையில் குடத்தோடு சறுக்கினால் குடமும் சேர்ந்து தள்ளும். கையில் தூக்கிய வாளி அப்படித் தள்ளாது.

இதே பாடத்தில் நாங்கள் புள்ளி இழந்தவர்கள். அமுக்கப்படும் விளிம்பைப் பிடி என்று மனனம் செய்து, நுனியில் கீழ்விளிம்பைப் பிடித்தோம். கன்ரிலீவரின் நுனியில் அதிகம் விலகுவது இழுபடும் மேல்விளிம்பு. 2010இல் அந்த விதிக்கோவையே விலக்கப்பட்டு யூரோகோட் 3 வந்தது. அதில் இந்த அட்டவணை இல்லை. எங்களுக்கு இன்னும் மனப்பாடம்.

"உள்ளுக்கை எப்பிடிப் பிடிச்சிருக்கெண்டு தெரியாது அண்ணை. ஒரு இஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

"அப்ப நீங்கள் ஆர்? இஞ்சினியர்மாரோ?"

ஓம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் முழு உண்மையில்லை. பேசாமல் நின்றோம். ஆனால் பெட்டியைத் தூக்கமாட்டோம் என்றோம். இத்தனை வருடத்தில் அவரிடம் நாங்கள் 'மாட்டோம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிரவு இருவருக்கும் நித்திரை இல்லை.

காலையில் போனோம். பெட்டி நிலத்திலேயே இருந்தது. முதலாளி ஒன்றும் பேசவில்லை. சீவுவதற்கு வழமையைவிட இரண்டு மூட்டை கிழங்கு கூடுதலாக இருந்தது.